செருப்பு வைத்த கூரை

போர்ட் பிளேரில் சூரியனுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. காலை ஐந்து மணிக்கெல்லாம் வந்து நின்றுவிடும், சாயங்காலம் ஐந்தரைக்குக் கடையைக் கட்டிவிடும். ஆனால் எங்கள் சுவரில் தொங்குகிற கடிகாரம் சென்னையோடும் டெல்லியோடும் ஒத்துப்போகிறது. வெயில் இந்தத் தீவுக்குச் சொந்தம், மணி மெயின்லேண்டுக்குச் சொந்தம். பதினாறு வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் உலை வைக்கிறேன். அருப்புக்கோட்டையில் காலை ஏழு மணி என்றால் வாசல் தெளித்த ஈரம் இன்னும் காய்ந்திருக்காது. இங்கே ஏழு மணிக்குக் கொடியில் போட்ட துணி பாதி உலர்ந்திருக்கும். அந்த ஏழு மணிக்குத்தான் என் கணவர் வேலை முடிந்து வீட்டுக்கு வருவார். ஊரெல்லாம் பல் துலக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு மனிதர் பாயை விரித்துப் படுப்பார். அவர் படுத்த சற்று நேரத்துக்கெல்லாம் தலைக்கு மேலே தகரம் நெட்டி முறிக்கத் தொடங்கும்.

நாங்கள் இருப்பது ஜங்லிகாட் என்ற பகுதியில், ஒரு வீட்டின் மாடியில். இடுப்பளவுக்குச் செங்கல், அதற்கு மேலே பலகை, அதற்கும் மேலே தகரம். கீழே வீட்டுக்காரத் தெலுங்கம்மா இருக்கிறார். மாடியில் ஒரே நீள அறை, பின்னால் சமையலுக்கு ஒரு ஒதுக்கு. அந்த நீள அறையின் ஒரு கோடியில் இவருடைய கட்டில், மறுகோடியில் என் தையல் மிஷின். இவர் தூங்கும் நேரத்தில் நான் மிஷினைத் தொடமாட்டேன். பொழுது சாய்ந்து இவர் கிளம்பியபிறகுதான் மற்றவர்களின் ரவிக்கைகளுக்கு விடிவு காலம். ஆனால் தகரத்தை என்ன செய்ய முடியும்? வெயில் என்றால் அது அடுப்பு. மழை என்றால் மேளம். இங்கே வருடத்தில் ஏழெட்டு மாதம் மழை, மிச்ச மாதம் வெயில். தூங்குவதற்கென்று தனியாக ஒரு மாதம் கிடையாது.

இவருடைய வேலையைச் சொன்னால்தான் தூக்கத்தின் அருமை உங்களுக்குப் புரியும். ஃபீனிக்ஸ் பே பக்கம் தனியார் ஒருவருக்குச் சுற்றுலாப் படகுகள் இருக்கின்றன. ராத்திரி அவை கட்டி நிற்கும்போது கயிறு பார்ப்பது இவர் வேலை. கடல் ஏறினால் கயிறு தொளதொளவென்று ஆகும், இழுத்துக் கட்டவேண்டும். கடல் இறங்கினால் கயிறு விறைக்கும், தளர்த்திவிட வேண்டும். இது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. ஆனால் அதற்கென்று உள்ள நேரத்தில் கண் விழித்திருக்கவேண்டும். போன ஆடி மாதம் ஒருநாள் இவர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். கடல் இறங்கிக்கொண்டே போனது. படகு கயிற்றில் தொங்கி, அதன் பக்கவாட்டுக் கைப்பிடிக் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. முதலாளி சத்தம் போடவில்லை. "அகலி பார் ஆங்க் பந்த் ஹுயி, தோ சென்னை கா டிக்கெட் மைன் கடாவுங்கா" என்றாராம். அடுத்த தடவை கண் மூடினால் சென்னைக் கப்பலுக்கு டிக்கெட்டை அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார். ஐம்பது வயதில் இன்னொரு முதலாளியைத் தேட இந்தத் தீவு அவ்வளவு பெரிது இல்லை. எங்கள் பெண் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஆக, இவர் பகலில் தூங்கியே ஆகவேண்டும். எங்கள் குடும்பம் இங்கே இருப்பதா கிளம்புவதா என்பது அந்த ஒரு கட்டிலில் வந்து நின்றது.

அருப்புக்கோட்டையில் வெயில் இல்லையா என்று கேட்பீர்கள். வெயிலுக்குப் பிறந்த ஊர் அது. ஆனால் அந்த வெயிலுக்கு ஒரு நாகரிகம் உண்டு, வாசலோடு நிற்கும். காலை பத்து மணிக்கு ஜன்னல் கதவுகளை எல்லாம் அடைத்து, கதவிடுக்கில் பழைய துணியைச் செருகிவிட்டால் போதும், உள்ளே இருட்டும் குளிர்ச்சியும் தேங்கிக் கிடக்கும். ஓட்டை எங்கே இருந்தாலும் அதன் வழியாக அனல், புழுதி, தேள், எலி, இவற்றில் ஏதாவது ஒன்று வந்துசேரும். அதனால் எங்கள் பக்கத்தில் நல்ல வீடு என்றால் இடுக்கில்லாத வீடு. சுவரும் கூரையும் சேருமிடத்தில் ஒரு விரல் நுழைந்தால் அந்தக் கொத்தனாருக்கு அடுத்த வீட்டில் வேலை கிடைக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சாம்பாருக்குப் புளி என்பதுபோல எனக்குள்ளே இருந்தது. இதைச் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் நான் செய்த தப்பு இங்கிருந்துதான் வந்தது.

கூரைக்கு அடியில் ஜிப்சம் போர்டு அடித்து, நடுவில் பஞ்சு வைத்தால் சூடும் சத்தமும் குறையும் என்று வீட்டுக்கார அம்மாதான் சொன்னார். "எது வேணும்னாலும் செஞ்சிக்கோ, போகும்போது சுவரைச் சுவரா விட்டுட்டுப் போ" என்பது அவருடைய சட்டம். ஒரு கான்ட்ராக்டரின் நம்பரையும் கொடுத்தார். நான் என்னுடைய ஹிந்தியைத் திரட்டிக்கொண்டு பேசினேன். அவரும் ஹிந்தியில், "கல் தோபஹர் மே ஆயேகா, ஜப் கரம் ஹோதா ஹை" என்றார். மத்தியானம், சூடாக இருக்கும்போது வருகிறாராம். அளவெடுக்க வருகிறவர் எதற்காகச் சூட்டைத் தேடி வரவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வேலை இல்லாத நேரத்தைத்தான் அப்படி நாசூக்காகச் சொல்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு மணிக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர், பெயர் செல்லையா. கையில் டேப் இல்லை, நோட்டு இல்லை. யார் தூங்கும் இடம், தலை எந்தப் பக்கம் என்று ஹிந்தியில் கேட்டார். காட்டினேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு நேராகப் போய் இவருடைய கட்டிலில் இவருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். இவர் தூங்க முடியாமல் ஏற்கெனவே விழித்துத்தான் கிடந்தார். சட்டென்று எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். வந்த மனிதர் இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அரை மணி நேரம் அசையாமல் கிடந்தார். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல தமிழில், "கொஞ்சம் தண்ணி குடுங்க தங்கச்சி" என்றார்.

"நீங்க தமிழாண்ணே? போன்ல ஹிந்தி பேசினீங்களே."

"நீங்க பேசினீங்க, நானும் பேசினேன்."

"அது எதுக்கு வந்ததும் வராததுமாப் படுத்தீங்க?"

"படுக்காம எப்படிங்க சொல்றது? தூங்குறதுக்குத்தானே காம், இந்த வேலையெல்லாம். டேப்பு நீளம் அகலம் சொல்லும். எங்கேருந்து சூடு எறங்குது, எந்தப் பக்கம் சத்தம் வருதுன்னு முதுகுதான் சொல்லும்."

நம் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் அடுத்த கேள்வி என்ன என்று உங்களுக்கே தெரியும். "எந்த ஊருண்ணே?" என்றேன். கட்ச்சல் என்றார். நிக்கோபார் பக்கத்துத் தீவு அது. அதற்கு முன்னால் என்று கேட்டேன். அப்பா அம்மா சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்களாம். கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பி, அங்கிருந்து கட்ச்சலில் ரப்பர்த் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்களாம். சரி, அதற்கும் முன்னால்? "அதுக்கு முன்னாடி ஒங்க மெயின்லேண்டுதான், எந்தப் பக்கம்னு அவுங்களுக்கே தெரியாதுங்க. எனக்கு இப்ப லாங் ஐலண்டு. பொண்டாட்டி ஊரு" என்று தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். மேலும் கேட்டால் அடுத்து என்ன கேட்பேன் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் நிறுத்திக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் அவரை ஒரு தட்டு கீழே இறக்கி வைத்துவிட்டேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஊர் சொல்லத் தெரியாத மனிதருக்கு வீடு எப்படித் தெரியும் என்ற நினைப்புதான்.

அவரும் ஒரு கேள்வி கேட்டார். எத்தனை வருடத்துக்கு நிற்கும்படி செய்யவேண்டும்? இங்கே கான்ட்ராக்டர்கள் எல்லாருமே மெயின்லேண்டுக்காரர்களிடம் இதைக் கேட்பார்களாம். நானும் இவரும் ஒரே குரலில் "ரெண்டு வருஷம்" என்றோம். கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து நாங்கள் இரண்டு வருடத்துக்காகத்தான் இங்கே இருக்கிறோம். செல்லையா அண்ணன் சிரிக்கவில்லை. "அப்ப சரிங்க, கழட்டுற மாதிரியே செய்வோம்" என்றார்.

அதன்பிறகு கப்பலுக்காகக் காத்திருந்தோம். தீவில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில், கப்பல் வரட்டும். போர்டு கப்பலில் வரவேண்டும், பஞ்சு கப்பலில் வரவேண்டும், ஸ்க்ரூகூடக் கப்பலில்தான் வரவேண்டும். மூன்று வாரம் ஓடியது. ஒருநாள் காலை சரக்கு ஆட்டோவில் எல்லாம் வந்து இறங்கின. அண்ணன் ஐந்து நாள் வேலை செய்தார். கண்ணாடிப் பஞ்சு உடம்பில் பட்டால் அரிக்கும் என்று என்னை மேலே வரவிடவில்லை. நான் கீழே வீட்டுக்கார அம்மாவின் சமையலறையில் பொழுதைப் போக்கினேன், இவர் கீழ்வீட்டு வராந்தாவில் படுத்தார். நாங்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது கட்டில் இருந்த பக்கம் தனி அறையாகியிருந்தது. நடுவே ஒரு தடுப்புச் சுவர், அதில் ஒரு கதவு, மேலே வெள்ளை வெளேரென்று கூரை. வீட்டுக்குள் ஒரு பெட்டியை வைத்ததுபோல இருந்தது. சமையல் ஒதுக்கும் தையல் மிஷின் பக்கமும் பழைய தகரத்துக்கு அடியிலேயே இருந்தன. கைவசம் இருந்த சாமான் ஒரு அறைக்குத்தான் காணும்.

எனக்கு ஒரே ஒரு குறை. புதுக் கூரை சுவரில் எங்குமே முட்டவில்லை. நான்கு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு, உள்ளே கன்னங்கரேலென்று இருட்டு. "ஓரம் அப்படியே கெடக்கேண்ணே?" என்று கேட்டேன். "ஓரத்துக்குப் பட்டை அடுத்த ஜஹாஸ்ல, அதான் கப்பல்ல, வருதுங்க. ஊருக்குப் போயிட்டு வந்து போட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டு லாங் ஐலண்டுக்குப் படகேறிவிட்டார். எதையும் தொடாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

அடுத்த நான்கு நாள் என் கணவர் தூங்கியதைத் தூக்கம் என்று மட்டும் சொன்னால் போதாது. காலை எட்டுக்குப் படுத்தவர் மூன்று மணிக்கு எழுந்தார். வாய் திறந்து, குறட்டை விட்டு, தலையணையில் எச்சில் வடிய. நடுவில் ஒருநாள் பேய்மழை. என் பக்கத்தில் தகரம் முழங்குகிறது, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் உள்ளே அவர் பாட்டுக்குக் கிடக்கிறார். எழுந்து வந்து, "மழையா? எப்ப?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பகலில் மிஷினை மிதித்துப் பார்த்தேன். அதற்கும் அவர் அசையவில்லை.

ஐந்தாம் நாள் தீபாவளி. கோயிலில் பழக்கமான நம்மூர்க்காரர்கள் இரண்டு மூன்று குடும்பம் பலகாரத்தோடு வந்தார்கள். புது அறையைப் பெருமையாகக் காட்டினேன். ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அரைகுறையா விட்டுட்டு ஓடிட்டானா?" என்றார். இன்னொருவர், "எலிக்கு நல்ல வழி" என்றார். அவர்களோடு முத்துராஜும் வந்திருந்தான். இவருக்குத் தம்பி முறை, பாலையம்பட்டிப் பக்கத்துக் கொத்தனார், இங்கே கான்ட்ராக்டில் வந்திருப்பவன். அவன் நாற்காலி போட்டு ஏறி இடுக்கில் விரலை விட்டான். வெளியே எடுத்தபோது விரலிடுக்கில் ஒரு கருப்புத் துண்டு இருந்தது.

"என்ன மதினி இது, செருப்பத் துண்டு துண்டா நறுக்கி வச்சிருக்கான்."

நம்பாமல் வாங்கிப் பார்த்தேன். ரப்பர்ச் செருப்பேதான். குதிகால் தேய்ந்த பள்ளம்கூடத் தெரிந்தது. போர்டைத் தாங்கும் கம்பிச் சட்டம் சுவரில் பதியும் இடத்திலெல்லாம், ஒரு சாணுக்கு ஒன்றாக, யாரோ போட்டு நடந்த செருப்பின் துண்டு. அதில் நான்கு இவருடைய தலைமாட்டுக்கு நேர் மேலே. வந்தவர்கள் முறுக்கைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் ஊரில் செருப்பை வாசலுக்கு உள்ளேகூட விடுவதில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கட்டித் தொங்கவிடுவது திருஷ்டிக்கு, அது வேறு. தூங்குகிற மனிதரின் தலைக்கு மேலே, அதுவும் ஊர் பேர் தெரியாதவர்களின் பழஞ்செருப்பு என்றால் அதற்கு அர்த்தம் வேறு. எனக்கு முகம் எரிந்தது. நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்து அண்ணன் அவமானப்படுத்திவிட்டார் என்றே நினைத்தேன். இவர் மட்டும், "கெடக்கட்டும், அவரு வந்தா கேப்போம்" என்றார். இவர் பேச்சை நான் காதில் வாங்கவில்லை.

மறுநாளே முத்துராஜ் சிமென்டோடு வந்தான். எல்லாச் செருப்புத் துண்டையும் பிடுங்கி ஒரு சாக்கில் போட்டான். சட்டத்தைச் சுவரோடு இறுக்கி, இடுக்கு முழுக்க சிமென்ட் அடைத்து, மேலே பட்டி பார்த்து, வெள்ளை அடித்துக் கொடுத்தான். அரைநாள் வேலை. எங்கே சுவர் முடிகிறது, எங்கே கூரை தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஊரில் இருப்பதுபோலவே ஒரு அறை. செல்பேசியில் படம் எடுத்து ஊரிலுள்ள அக்காவுக்கு அனுப்பினேன். சாக்கை மட்டும் தூக்கிப் போடவில்லை. வந்ததும் அந்த மனிதரின் முன்னால் கொட்டிக் கேட்கவேண்டும் என்று மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தேன்.

கடல் சரியில்லாமல் லாங் ஐலண்டுப் படகுகளை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் வர இரண்டு வாரம் ஆனது. அந்த நாட்களில் மழை விடாமல் பெய்தது. நான் தீபாவளிக்கு முடிக்காத துணிகளையெல்லாம் பகலில் உட்கார்ந்து தைத்தேன். தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் என் மிஷின், அந்தப் பக்கம் இவர். அவ்வப்போது கதவைத் திறந்து பார்ப்பேன். கண் மூடி, கை மார்பில், சலனமே இல்லாமல் கிடப்பார். குறட்டைகூட நின்றுவிட்டது. தூக்கம் அவ்வளவு ஆழம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த நாட்களில் சமையலறையில் பச்சை மிளகாய் மாயமாகிக்கொண்டிருந்தது. வாங்கி வந்தால் இரண்டு நாளில் காலி. எலிதான் வேறு வழி கண்டுபிடித்து வருகிறது என்று நினைத்து, இடுக்கை அடைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செல்லையா அண்ணன் வந்தார். கையில் மெல்லிய மரப்பட்டைகள் ஒரு கட்டு. அறைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தவர் கட்டைக் கீழே வைத்தார். நான் சாக்கை எடுத்துவந்து அவருக்கு முன்னால் கவிழ்த்தேன். "இது என்னண்ணே? தூங்குற மனுசன் தலைக்கு மேல வைக்கிற பொருளா இது?" என்றேன். இரண்டு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். அவர் கோபப்படவில்லை. குனிந்து ஒரு துண்டை எடுத்துத் தூசியைத் தட்டினார். பிறகு முதல்நாள் போலவே கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

"மிஷின ஓட்டுங்க தங்கச்சி."

ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தார். "இப்ப நீங்க படுங்க. சார் ஓட்டட்டும்" என்றார். இவர் மிஷினில் உட்கார்ந்து, துணி இல்லாமல் வெறுமனே மிதித்தார். நான் போய்க் கட்டிலில் தலைவைத்தேன். மிஷின் தடுப்புக்கு அந்தப் பக்கம் இல்லை. என் தலையணைக்குள் இருந்தது. ஒவ்வொரு குத்தும் பல்லில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மழையும் பிடித்தது. தகரத்தில் விழுந்தது கூரையில் இறங்கி, சுவரில் இறங்கி, கட்டில் காலில் ஏறியது. பழைய தகரத்துக்கு அடியில் படுத்திருந்தால்கூட இவ்வளவு கேட்டிருக்காது. இப்போது அறையே மேளத்துக்கு உள்ளே இருந்தது. நான் எழுந்து வந்தேன். இவர் மிதிப்பதை நிறுத்திவிட்டு மிஷின் மிதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்குப் புரிந்தது. நான் கதவைத் திறந்து பார்த்த அத்தனை தடவையும் அவர் விழித்துத்தான் கிடந்திருக்கிறார்.

"தூங்கவே இல்லையா?" என்றேன்.

"அப்பப்ப."

"பெறகு ராத்திரி எப்படிச் சமாளிச்சீக?"

சட்டைப் பையிலிருந்து இரண்டு பச்சை மிளகாயை எடுத்து மிஷின்மேல் வைத்தார். கண் சொருகும்போது கடித்துக்கொள்வாராம். "நீ ஆசைப்பட்டு அடைச்ச. அக்காவுக்கெல்லாம் படம் அனுப்புன. சொன்னா மனசு கஷ்டப்படுவன்னு" என்று இழுத்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வேலை போனால் குடும்பமே கிளம்பவேண்டும் என்று தெரிந்தும், என் மனசு கஷ்டப்படாமலிருக்க இரண்டு வாரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த மனிதர் மீது கோபம். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து தெருவெல்லாம் போடுகிற ரவிக்கையைத் தைத்துத் தள்ளிய என்மேல் அதைவிடக் கோபம். செல்லையா அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் வீட்டில் எப்போது திரும்பி நிற்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு அவர் சொன்னது இதுதான். "ஒட்டினா பேசுங்க தங்கச்சி. தகரம் சட்டத்துக்கிட்ட சொல்லும், சட்டம் செவுத்துக்கிட்ட சொல்லும், செவுரு போர்டுகிட்ட சொல்லும், போர்டு சார் காதுல சொல்லிடும். நடுவுல செருப்பு இருந்துச்சுன்னா, அது கேட்டுக்கும், யாருகிட்டயும் சொல்லாது. இங்க பூமி வேற அப்பப்ப ஆடும். ஒட்டி வச்சா வெடிச்சிரும்." அந்தச் செருப்பு எல்லாம் லாங் ஐலண்டுக் கரையில் பொறுக்கியதாம். கடல் ஒவ்வொரு பருவத்திலும் எங்கெங்கோ இருந்து ஒற்றைச் செருப்புகளாகக் கொண்டுவந்து ஒதுக்குகிறது. பர்மாவோ தாய்லாந்தோ, யார் காலோ. வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறிய ரப்பரை எலி கடிக்காது, மழை அரிக்காது. கடையில் இதற்கென்று விற்கும் ரப்பர் இந்தத் தீவுக்கு வருவதில்லை. "மொதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றேன். "சொன்னா வைக்க விட்டிருக்க மாட்டீங்கல்ல" என்றார். அது நிஜம்தான்.

அன்றைக்கே முத்துராஜின் அழகான சிமென்டை அவர் அறுத்து எடுக்கத் தொடங்கினார். நான் ஒரு நிபந்தனை வைத்தேன். வாளியில் மஞ்சள் கரைத்து, அந்தச் செருப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடுத்தேன். அறுபது எழுபது இருக்கும். நீலம், சிவப்பு, கருப்பு, ஒன்றில் ஏதோ புரியாத எழுத்து. "கடலே கழுவினதுங்க" என்று அண்ணன் சொன்னார், ஆனால் தடுக்கவில்லை. மஞ்சள் காய்ந்த துண்டுகளை வாங்கி அவற்றின் இடத்தில் திருப்பி வைத்தார். கழுவும்போது எனக்கு அருவருப்பு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இவருடைய தலைக்கு மேலே செருப்பு இருக்கிறது என்ற நினைப்போடுதான் நான் தினமும் கட்டில் விரிப்பை உதறுகிறேன். கடைசியாக அந்த மெல்லிய மரப்பட்டைகளை, சுவரில் மட்டும் பிடிக்குமாறும் கூரையைத் தொடாதவாறும், ஓரத்தில் வைத்து மறைத்தார். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒட்டித்தான் இருக்கிறது. ஒட்டவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

குறட்டை மறுநாளே திரும்பி வந்தது. மிளகாய் குறையவில்லை. முதலாளி கயிறு பற்றி எதுவும் பேசுவதில்லை. தீவில் ஒருவர் எதுவும் பேசவில்லை என்றால் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். அடுத்த கப்பலுக்கு டிக்கெட் எடுக்கும் பேச்சு எங்கள் வீட்டில் நின்றது.

போன வாரம் ஒரு மத்தியானம், நல்ல மழை, அக்கா போன் செய்தாள். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். வேறு ஒரு குடும்பம் நீண்ட காலத்துக்குக் கேட்கிறது. மிஷின் பக்கம் நின்று பேசினால் தகரத்தின் முழக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே கதவைத் திறந்து அறைக்குள் போனேன். உள்ளே நுழைந்ததும் மழை நின்றுபோனதுபோல இருந்தது. அக்காவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைப்போலத் தெளிவாக வந்தது. "அவுகளுக்கு இன்னைக்கே பதில் சொல்லணும். விட்டா விட்டதுதான், அஞ்சாறு வருசத்துக்குக் கெளப்ப முடியாது. நீங்க வர்றீகளா, இல்ல அங்கதான் இருக்கப் போறீகளா? ஒரே வார்த்தையாச் சொல்லு."

இவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிக் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், என்னிடமே திருப்பிக் கேட்பார். அக்கா, "கேக்குதா?" என்றாள். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. நான் ஓசைப்படாமல் கதவைத் திறந்தேன். ஒரு காலை அறைக்குள் வைத்துக்கொண்டு, மறுகாலை வெளியே எடுத்துவைத்து, போனைத் தகரத்தின் பக்கமாக உயர்த்திப் பிடித்தேன்.

"மழையில ஒண்ணும் கேக்கலக்கா" என்றேன்.